ஐந்து மணிச் சாய்வு

முப்பத்தொரு வருஷம் ஊரார் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொன்ன ஊசியம்மா, தன் உடம்பில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளவே இல்லை. இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை செய்தவர்களை விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான். காலை ஆறரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பத்தரைக்குள் எண்பது, தொண்ணூறு கைகளைப் பார்த்துவிடுவாள். ரப்பர் கயிற்றைக் கட்டி, முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தடவினாலே ரத்தக்குழாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணால் தேடுகிறவர்கள் கத்துக்குட்டிகள் என்பது அவள் கட்சி. குத்தியதே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அவளுக்கு ஊசியம்மா என்று பேர் வைத்தார்கள். சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். குனிந்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தோம், ஒன்றும் தெரியவில்லை. வந்த வழியே திரும்பிப் போனபோது மருந்துக் கடை வாசலில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கும் வீட்டில் ஆள் இல்லை, கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எட்டு மாதம் கழித்து, மாடிப்படியில் கடைசிப் படி என்று நினைத்துக் கால் வைத்தாள். அது கடைசிப் படி இல்லை. மணிக்கட்டு உடைந்தது. கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார், அதனால் முக்கால் மணி நேரம் அந்தப் படியிலேயே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அவர் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உள்ளங்காலில் குத்தினால் சொல்லுங்கள் என்றார். ஊசியம்மா ரொம்ப நேரம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, எப்போது குத்தப்போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் குத்தி முடித்து ஊசியையும் உறையில் போட்டுவிட்டிருந்தார்.

சர்க்கரை பல வருஷமாகக் கால் நரம்புகளைச் சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வரை உணர்ச்சி போய்விட்டது, முழங்காலை ஒட்டி மட்டும் மிச்சமிருக்கிறது. போனது திரும்பாது. கால் தரையில் இருக்கிறதா என்பதை இனிமேல் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அதன் அர்த்தம் மறுநாள் காலை புரிந்தது. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு பாட்டுக்குச் சாய்ந்தது, குழாயைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தாள்.

மகன் கடல் கடந்த ஊரில் வேலை பார்க்கிறான். அவனைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் முகம் காட்டுவான், மருந்து தீருவதற்கு முன்னால் மருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அம்மா படியில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. அங்கிருந்தபடியே ஒரு முதியோர் இல்லத்தைத் தேடிப்பிடித்துப் படங்களையும் அனுப்பினான். சுவரெல்லாம் கைப்பிடி, அறைக்கு இரண்டு பேர், மணி அடித்தால் ஆள் வரும்.

ஊசியம்மாவுக்கு அந்த மாதிரி இடம் புதிதல்ல. வேலையில் இருந்த காலத்தில் மாதம் ஒரு முறை அப்படி ஓர் இல்லத்துக்குப் போய் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்து வருவாள். வெளியில் இருப்பவர்கள் ஊசியை எடுத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். அங்கே இருந்தவர்கள் பஞ்சை வைத்து மடக்கிவிட்ட பிறகும் கையை அவளிடமே விட்டுவைப்பார்கள். ஒரு பெரியவர் மாதாமாதம், இன்னொரு கையிலும் எடுக்க வேண்டாமா என்று கேட்பார். அடுத்த ஆள் காத்திருப்பார். அவள் அந்தக் கைகளை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவாள். அந்த வரிசையில் தானும் கையை நீட்டிக்கொண்டு உட்காருவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நரம்பு டாக்டர் காலில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையைப் பற்றிச் சொன்னார். புதிதாக வந்திருக்கிறது, பன்னிரண்டு பேருக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், பலன் தெரிந்தால் அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஊசியம்மா மகனிடம் பேரம் பேசினாள். மூன்று மாதம் பார்ப்போம். விழாமல் இருந்தால் வீட்டிலேயே இருப்பேன், சரிவராவிட்டால் நீ சொல்கிற இடத்துக்கு வாயைத் திறக்காமல் போகிறேன். மகன் ஒப்புக்கொண்டான். அன்பாக ஒப்புக்கொண்டான், அதனால் பிற்பாடு அவளுக்குப் பேச்சு மாற வழியில்லாமல் போயிற்று.

பட்டையை மாட்டிவிட்டது ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண். மகளாகப் பிறந்திருந்தால் அந்த வயசு இருக்கும். வீட்டுக்குள்ளும் கழற்றாமல் போட்டுக்கொள்ள ஒரு ஷூ, அதற்குள் மெல்லிய ஒரு தகடு, பாதம் எங்கே அழுத்துகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே, உணர்ச்சி மிச்சமிருக்கும் இடத்தில், இரண்டு காலிலும் ஒவ்வொரு பட்டை. பட்டைக்குள் முன்னால், பின்னால், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று நாலு பொத்தான்கள். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தான் கிர்ரென்று துடிக்கும். பாதம் சொல்ல வேண்டியதை முழங்கால் சொல்லும், அவ்வளவுதான்.

“நீங்க நேரா இருந்தா இது சும்மா இருக்கும்மா. சாஞ்சா மட்டும்தான் தொடும்” என்றாள் அந்தப் பெண். நடப்பதையெல்லாம் இது நினைவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும், மாதம் ஒரு முறை உட்கார்ந்து பார்ப்போம் என்றும் சொன்னாள். ஊசியம்மா அப்போது ஷூ நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது.

முதல் மாதம் பட்டைக்கு ஓய்வே இல்லை. பாத்திரம் தேய்த்தால் கிர், ஜன்னலைச் சாத்தினால் கிர், கதவைத் திறக்க ஒரு கையை நீட்டினால் அதற்கும் கிர். சரி சரி, தெரியுது என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வளையவந்தாள். வீட்டில் ஒரு குரல் கேட்டு நாளாகியிருந்தது, தன் குரலாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. வலது காலின் வெளிப்பக்கப் பொத்தான் துடிக்கும்போது மட்டும் அவளுக்குக் கணவர் நினைப்பு வரும். விருந்தாளிகள் இருக்கும்போது அவள் வாய் அளவுக்கு மீறினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மேஜைக்கு அடியில் சரியாக அந்த இடத்தில்தான் முழங்காலால் இடிப்பார். வெளியே முகம் ஒன்றும் தெரியாத பூனையாக இருக்கும். அப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லார் முன்னாலும் ஏன் இடிக்கிறீர்கள் என்று கேட்டு மனுஷனின் மானத்தை நாலு தடவை வாங்கியிருக்கிறாள்.

இரண்டாம் மாதம் கால்கள் பாடத்தைப் பிடித்துக்கொண்டன. படியில் ஏறினாள், இறங்கினாள், கண்ணை மூடி முகம் கழுவினாள். இரண்டாம் மாதப் பரிசோதனையில் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, பன்னிரண்டு பேரில் நீங்கள்தான் முதல், போன வாரம் நாலு நாள் பட்டை ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை என்றாள். ஊசியம்மாவும் சிரித்தாள். வகுப்பில் முதல் மாணவியாக வந்த நினைப்பில் இரண்டு தெரு நடந்தே வந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அந்த நாலு நாளைப் பற்றி யோசித்தாள். நாலு நாள் தன் உடம்பை எதுவும் தொடவில்லை. அதற்கு முன்னால் யார் தொட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். பட்டையை மாட்டும்போது அந்தப் பெண், அது ஒரு மாதத்துக்கு ஒரு தரம். மணிக்கட்டுக் கட்டை வெட்டி எடுத்தவர், அது நாலு மாதத்துக்கு முன்னால். கடைப்பெண் பையை மேடையில் வைத்துத் தள்ளிவிடுவாள். கீழ்வீட்டுக்காரர் கும்பிடு போடுவார். ஒரு நாளைக்குத் தொண்ணூறு கைகளைப் பிடித்தவளுக்கு எண்ணிக்கை இரண்டோடு முடிந்துபோயிற்று. அவளுக்கு அழுகை வந்தது, இதற்கெல்லாமா அழுவது என்று கோபமும் வந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிதான் அவளுக்கு ஆகாத நேரம். கணவர் வேலையிலிருந்து வரும் நேரம் அது. அவர் போன பிறகும் அந்த நேரமானால் காது தன்னால் வாசல்பக்கம் போய்விடும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும் மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக வலதுபக்கம் சாய்ந்தாள். கிர் என்றது. நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். கிர். தண்ணீர் கொதித்து வற்றும் வரை அடுப்பை அவள் கவனிக்கவில்லை.

முதல் நாள் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். ஒரு வாரத்தில் அது அறுபதைத் தாண்டியது. வெட்கக்கேடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பட்டையில் இருப்பது ஒரு சின்ன மோட்டார், கடிகாரத்துக்குள் இருப்பது போல ஒன்று, அதில் மனுஷன் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் நாலரை ஆனதும் மனசு பரபரக்கும். ஐந்துக்குப் போய் நின்றுகொள்வாள். சில நாள், இப்ப நான் என்ன அதிகமாப் பேசிட்டேன் என்று கேட்பாள். அந்த அரைமணி நேரம் போக மீதி நாள் முழுக்க அவள் கம்பீரமாக நேராக நடந்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் கடைசிப் பரிசோதனை. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஷூ போட்டுக்கொண்டு, பேருந்திலேயே போய் இறங்கினாள். நரம்பு டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் அந்த முகத்தோடு பல பேர் முன்னால் நின்றிருக்கிறாள். டாக்டர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு கோடு. நாள் முழுக்கத் தரையோடு தரையாகப் படுத்திருந்தது, ஐந்து மணிக்கு மட்டும் முள்வேலி மாதிரி எழுந்து நின்றது. இருபத்தேழு நாளும் அதே நேரம், அதே வலதுபக்கம்.

டாக்டர் பக்குவமாகத்தான் பேசினார். தினமும் ஒரே நேரத்தில் வலதுபக்கம் இத்தனை தடவை தள்ளாடுகிறீர்கள், நீங்களாகப் பிடித்து நிமிர்கிறீர்கள், ஒரு நாள் பிடிக்காமல் போகும். மருந்தினால் ரத்த அழுத்தம் இறங்கலாம், மூளைக்குப் போகும் ரத்தத்தில் தடையாகவும் இருக்கலாம். எதுவானாலும் பட்டையை நம்பி உங்களைத் தனியாக விட முடியாது, மகனிடம் காலையிலேயே பேசிவிட்டேன் என்றார். மகன் அந்த இல்லத்துக்கும் பேசிவிட்டிருந்தான். ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு கட்டில் காலி.

ஒரு வார்த்தை சொன்னால் வீடு தங்கும். ஆனால் அந்த வார்த்தையை எந்த முகத்தோடு சொல்வது? வெறும் வயிறுதானா என்று அவள் கேட்டபோதெல்லாம் ஆமாம் என்று பொய் சொன்ன ஆயிரம் பேரைக் கண்டுபிடித்துத் திட்டித் திருப்பியனுப்பியவள் அவள். இப்போது அவள் முறை.

பட்டையைக் கழற்றிக்கொள்வதற்காக அந்தப் பெண் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். முக்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் அமர்ந்து, வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு மனுஷக் கை. ஊசியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“கழட்டாதம்மா. நான் தள்ளாடல. வேணும்னே சாஞ்சேன்.”

எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள்.

“சாஞ்சாத்தானே அது தொடுது? நேரா நடக்க ஆரம்பிச்சதும் அதுவும் தொடறதில்ல. வேற யாரும் இல்லம்மா எனக்குத் தொடறதுக்கு. அதான் சாயங்காலத்துல கொஞ்ச நேரம்…”

பட்டையின் மேல் இருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் அப்படியே நின்றன, பிறகு விலகிக்கொண்டன. தெரியாமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டவள் போல, காலை மெதுவாக மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். அவள் நல்ல பெண்தான், மனசு கஷ்டப்பட்டதும் உண்மைதான். ஆனாலும் அந்தக் கை மறுபடி வரவில்லை. ஊசியம்மா அதைக் கவனித்தாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.

பட்டையைக் கழற்றாமல் விட்டுவிட்டு, அந்தப் பெண் இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுத வேண்டாம், மகனுக்குத் தெரிந்தால் நொறுங்கிப்போவான் என்றாள் ஊசியம்மா. கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு கதை கட்டினார்கள். வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சித் தாளை அம்மா தப்பாகப் புரிந்துகொண்டு, பட்டை துடிக்கும் அளவுக்குத் தினமும் சாய்ந்து சாய்ந்து பயிற்சி செய்திருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவளுக்கு ஒரு தாளைப் படிக்கத் தெரியவில்லை என்று ஆயிற்று. ஆகட்டும் என்று தலையாட்டினாள்.

டாக்டர் லேசில் நம்பவில்லை. அப்படியானால் அந்த ஐந்து மணியை இங்கேயே பார்த்துவிடுவோம் என்றார். சாயங்காலம் வரை அவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வராந்தாவின் நடுவே நிறுத்தினார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் அந்தப் பெண், அவள் கையில் போன், போனுக்குள் மகன். கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் நில்லுங்கள், நடுநடுவே உட்காரலாம் என்றார் டாக்டர்.

கண்ணை மூடினாள். காலுக்குக் கீழே தரை இருப்பதாக நம்பிக்கொண்டு நின்றாள். ஐந்து மணி ஆனதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, உடம்புக்கே தெரிந்தது. வலதுபக்கம் சாயச் சொல்லி ஒவ்வோர் எலும்பும் கெஞ்சியது. ஒரே ஒரு தடவை சாய்ந்தால் போதும், தொட்டுவிடும். ஊசியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஐந்தரைக்குக் கண்ணைத் திறந்தபோது பட்டை ஒரு முறையும் துடித்திருக்கவில்லை.

டாக்டர் கைகொடுக்கவில்லை, ஆனால் சபாஷ் என்றார். போனுக்குள் மகன் வாய்விட்டுச் சிரித்தான். பயம் விட்டுப்போன சிரிப்பு. “நீ இருக்கியேம்மா! ஒரு தாளைப் பார்த்துச் செய்யத் தெரியாம எங்க உயிரை வாங்கிட்டியே” என்று சொல்லி, மருமகளைக் கூப்பிட்டு அவளிடமும் கதையைச் சொன்னான். அவளும் சிரித்தாள். ஊசியம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். கட்டில் வேண்டாம் என்று அப்போதே இல்லத்துக்குச் சொல்லிவிடுவதாக மகன் சொன்னான்.

பட்டை இனி அவளுடையது. ஆனால் டாக்டர் ஒரு ஏற்பாட்டைச் செய்தார், மகனும் அதையே கேட்டான். இனிமேல் மாதக் கணக்கெல்லாம் கிடையாது. பட்டை தொடர்ந்து இரண்டு தடவை ஒரே பக்கம் துடித்தால் அந்த நிமிஷமே மகனுடைய போனுக்குத் தகவல் போகும். “நான் அங்க இல்லாட்டியும் பக்கத்துல இருக்கற மாதிரிதாம்மா” என்றான் அவன். சந்தோஷமாகச் சொன்னான்.

மறுநாள் மாலை நாலரைக்கே மனசு பரபரத்தது. ஐந்து மணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை பழக்கத்தில் விளிம்பை இறுக்கியது. ஒரு தடவையோடு நிறுத்த அவளால் முடியாது, இரண்டு தடவை சாய்ந்தால் போதும். கடல் கடந்த ஊரில் மகன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து போனை எடுப்பான், அம்மா என்பான், என்ன ஆச்சு என்பான். அவன் குரல் இந்தச் சமையலறையில் ஒரு வேலைநாளில் கேட்கும். அப்புறம் ஒன்றாம் தேதி, அந்த இல்லத்துக் கட்டில்.

ஊசியம்மா மேடையிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, அசையாமல், நேராக நின்றாள். தண்ணீர் கொதித்தது. தேநீரைப் போட்டு நின்றபடியே குடித்தாள். ஐந்தரை ஆயிற்று. அங்கே மகனுடைய போனில் ஒன்றும் வந்திருக்காது. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.